கொல்லைப்புறப் பூச்சிகள்: படம் எடுப்பதும் பெயர் கண்டுபிடிப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எங்கள் வீடு காவிரிப் படுகையில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. கொல்லை பெரிதல்ல. ஒரு கிணறு, கறிவேப்பிலை, எலுமிச்சை, முருங்கை, நந்தியாவட்டை, நாலு வாழை, மதிலோரம் தானாக முளைத்த எருக்கு, அவ்வளவுதான். சில வருடங்களாக அங்கே பூச்சிகளைப் படம் எடுத்து வருகிறேன். இது தெரிந்தவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு பச்சைப் புள்ளியை அனுப்பி "இது என்ன பூச்சி?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: "எந்தச் செடியில் இருந்தது?" பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இதற்கு எந்த கேமரா வாங்க வேண்டும்?

முதலில் எதுவும் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் போனே ஒரு வருடத்துக்குப் போதும். வண்ணத்துப்பூச்சி, தட்டான், கும்பிடுபூச்சி, பெரிய வெட்டுக்கிளி எல்லாம் சாதாரண போனிலேயே நன்றாக வரும். எறும்பு, அசுவினி (செடிப்பேன்) அளவுக்கு இறங்கும்போதுதான் மேக்ரோ, அதாவது மிகக் கிட்டே போய்ப் பெரிதாக எடுக்கும் வசதி, தேவைப்படும். அதற்குச் சில நூறு ரூபாயில் கிளிப் லென்ஸ் கிடைக்கிறது. விலை குறைந்த போன்களில் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதை நம்பாதீர்கள். பிரதான கேமராவில் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து வெட்டிக்கொள்வது அதைவிட மேல்.

ஏற்கெனவே லென்ஸ் மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆர் கேமரா இருந்தால் 90 முதல் 105 மில்லிமீட்டர் வரையுள்ள மேக்ரோ லென்ஸ் வசதியானது. பூச்சியிலிருந்து ஓரளவு தள்ளி நிற்கலாம். காசில்லையா? பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸைத் தலைகீழாக மாட்டும் ரிவர்ஸ் ரிங் மலிவு. என்ன, பூச்சியின் மூக்கருகே போக வேண்டியிருக்கும், பாதி பறந்துவிடும்.

கிட்டே போனால் படம் மங்கலாகிறது. ஏன்?

கிட்டே போகப் போக, தெளிவாக விழும் ஆழம் குறைந்துகொண்டே வரும். எறும்பளவு பூச்சியில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கண் தெளிந்தால் வால் மங்கும். இதற்கு ஒரே வழி, பூச்சியின் உடல் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அதற்கு இணையாக போனைப் பிடிப்பது. ஒன்றை மட்டும்தான் தெளிவாக்க முடியும் என்றால் கண்ணைத் தெளிவாக்குங்கள்.

திரையில் பூச்சியின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு போனை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தியபடி வரிசையாகப் பத்துப் படம் தட்டுங்கள். ஒன்று தேறும். காற்றில் செடி ஆடினால் ஒரு குச்சியை மண்ணில் ஊன்றி, துணி காயப்போடும் கிளிப்பால் தண்டைக் குச்சியோடு பிடித்துவிடலாம். உச்சி வெயிலில் எடுக்க நேர்ந்தால் ஒருவரைக் குடை பிடிக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷ் போட்டால் வண்டின் முதுகு கண்ணாடி மாதிரி பளிச்சிட்டு நிறமே தெரியாது. வெள்ளைத் தயிர் டப்பாவில் ஒரு துண்டு வெட்டி ஃபிளாஷுக்கு முன்னால் ஒட்டினால் வெளிச்சம் பரவி விழும்.

எந்த நேரத்தில் எடுப்பது நல்லது?

விடிந்ததிலிருந்து எட்டு, எட்டரை மணி வரை. பூச்சிகளுக்கு உடம்புச் சூடு வெயிலிலிருந்துதான் வருகிறது. வெயில் ஏறும் வரை அவை மந்தமாக உட்கார்ந்திருக்கும்.

அந்திநேரத்தையும் விட்டுவிடாதீர்கள். வயிற்றில் நீல வளையங்களோடு படபடவென்று பறக்கும் நீலப்பட்டைத் தேனீயைப் பகலில் படம் எடுப்பது பெரும்பாடு. அதன் ஆண்கள் இருட்டுகிற நேரத்தில் ஒரு மெல்லிய காய்ந்த தண்டுக்கு வந்து, தாடையால் அதைக் கவ்விக்கொண்டு தூங்கும். சில சமயம் ஏழெட்டுச் சேர்ந்து வரிசையாகத் தொங்கும். பெரும்பாலும் அதே தண்டுக்கே மறுநாளும் வரும். இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

மாதத்தைக் கேட்டால், ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட மறுநாட்கள்.

பெயர் கண்டுபிடிக்க எத்தனை படம் வேண்டும்? அழகாக ஒன்று போதாதா?

அழகான ஒன்று சுவரில் மாட்டத்தான் போதும். அடையாளத்துக்கு அசிங்கமான ஐந்து தேவை. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, உட்கார்ந்திருந்த இலை, கடைசியாக முழுச் செடி. வண்ணத்துப்பூச்சி என்றால் சிறகின் மேற்புறமும் அடிப்புறமும் தனித்தனியாக வேண்டும். இரண்டும் இரண்டு வேறு பூச்சி போல இருக்கும். தட்டானுக்கு நெஞ்சின் பக்கவாட்டுக் கோடுகளும் வாலின் நுனியும் முக்கியம். சிலந்திக்கு முகம். கண்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை வைத்தே குடும்பத்தைச் சொல்லிவிடலாம்.

அளவு தெரிய நாணயத்தைப் பக்கத்தில் வைக்கப் போனால் பூச்சி ஓடிவிடும். அது போன பிறகு அந்த இலையை அளந்துகொள்ளுங்கள். இன்னொன்று: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவும் போய், எடுத்த தேதியும் இடமும் அழிந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

ஏன் எப்போதும் செடியைக் கேட்கிறீர்கள்?

பூச்சிகளில் பெரும்பாலானவை கண்டதையும் தின்பவை அல்ல. புழுப் பருவத்தில் ஒன்றிரண்டு செடிக் குடும்பத்தோடு கட்டுப்பட்டவை. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட பூச்சி வகைகள் சுமார் 10 லட்சம். அத்தனையில் எதைத் தேடுவது? செடியின் பெயரைச் சொன்ன உடனே அந்தப் பெருங்கூட்டம் ஒரு கைப்பிடியாகச் சுருங்கிவிடும்.

எங்கள் கொல்லையையே எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைக் கொழுந்தில் காக்கை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருந்தால் அது எச்சம் அல்ல, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அல்லது கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர்ந்ததும் அதுவே பச்சையாகிவிடும். லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போல ஒரு சதைக்கொம்பை நீட்டி நாற்றம் விடும்.

எருக்கிலையில் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வளையங்களோடு இருக்கும் புழு வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியினுடையது. அதே எருக்கில் நீலப்பச்சையும் மஞ்சளுமாக வண்ணம் பூசிய வெட்டுக்கிளி இருக்கும். தண்டு நுனியில் அப்பியிருக்கும் மஞ்சள் மணிகள் அசுவினி. எருக்கம்பாலின் நஞ்சு இந்த மூன்றையும் ஒன்றும் செய்வதில்லை. வெந்தய வரியன் அந்த நஞ்சை உடம்பில் சேர்த்தும் வைத்துக்கொள்கிறது.

நந்தியாவட்டையின் கீழே தரையில் மிளகு மிளகாக எச்சம் கிடந்தால் நேர் மேலே நிமிர்ந்து பாருங்கள். உங்கள் விரல் பருமனில் பச்சைப் புழு ஒன்று, தலைப்பக்கம் இரண்டு நீலக் கண்களோடு உட்கார்ந்திருக்கும். அவை கண்கள் அல்ல, மிரட்டுவதற்கான புள்ளிகள். அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு அது. அரளியிலும் வரும். என் அனுபவத்தில் புழு கண்ணில் படுவதற்கு இரண்டு நாள் முன்பே எச்சம் கண்ணில் படும்.

செடியின் பெயர் தெரியாவிட்டால் அதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். கொல்லையில் இருப்பது முப்பது நாற்பது செடிதானே. பாட்டி யாராவது இருந்தால் ஒரே மாலையில் முடிந்துவிடும்.

கறுப்பாக, சிவப்புப் புள்ளியோடு ஒரு வண்ணத்துப்பூச்சி கறிவேப்பிலையைச் சுற்றியது. ஒருவர் கறிவேப்பிலை அழகி என்கிறார், இன்னொருவர் ரோஜா அழகி என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரையும் குழப்பியது அந்தப் பூச்சியின் திட்டம்.

ரோஜா அழகியும், சிவப்புடல் அழகி என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சியும் புழுவாக இருக்கும்போது ஆடுதின்னாப்பாளை இனக் கொடிகளைத் தின்கின்றன. பெயரிலேயே இருக்கிறது, ஆடுகூடத் தின்னாத செடி. அந்த நஞ்சு உடம்பில் தங்கிவிடுவதால் பறவைகள் ஒருமுறை கடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் அந்த உருவத்தையே தவிர்க்கும். கறிவேப்பிலை அழகிக்கு நஞ்சு கிடையாது. அதனால் அதன் பெண்களில் ஒரு சாரார் ரோஜா அழகியைப் போலவும் இன்னொரு சாரார் சிவப்புடல் அழகியைப் போலவும் வேடம் போடுகிறார்கள். மூன்றாவது சாரார் வேடம் போடாமல் ஆணைப் போலவே இருக்கிறார்கள். ஆக ஒரே இனத்தில் பெண்ணுக்கு மட்டும் மூன்று உருவம்.

சிறகைப் பார்த்துக்கொண்டிருந்தால் குழப்பம் தீராது. உடம்பைப் பாருங்கள். ரோஜா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் உடம்பு சிவந்திருக்கும். வேடதாரிக்கு உடம்பு கறுப்பு. சிறகை எழுதிய கை உடம்பை மறந்துவிட்டது. அதோடு, கறிவேப்பிலைக் கொழுந்தில் வயிற்றை வளைத்து முட்டையிட்டால் அப்புறம் கேள்வியே இல்லை. ரோஜா அழகி அங்கே முட்டையிடாது.

வெந்தய வரியனிலும் இதே கதை உண்டு. அதைப் போல வேடமிடும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு பருப்புக்கீரையைத் தின்னும். வேடம் போடுவது பெண் மட்டும்தான். ஆண் கறுப்பில் பெரிய வெள்ளைப் பொட்டுகளோடு சம்பந்தமே இல்லாமல் இருக்கும். பின்சிறகின் நடுவில் மூன்று நான்கு கறும்புள்ளிகள் இருந்தால் அசல், மேல் ஓரத்தில் ஒன்றே ஒன்று இருந்தால் நகல்.

தேனீ என்று படம் போட்டேன், ஈ என்று திருத்தினார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

சிறகை எண்ணுங்கள். ஈக்கு ஒரு ஜோடி, தேனீக்கும் குளவிக்கும் இரண்டு ஜோடி. படத்தில் எண்ண முடியவில்லை என்றால் உணர்கொம்பைப் பாருங்கள். ஈக்கு அது இருப்பதே தெரியாத அளவு குட்டை, தேனீக்கு நீளமாக முழங்கை போல மடிந்திருக்கும். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் ஆணி அடித்தாற்போல நிற்கும் மஞ்சள் வரிப் பூச்சி பெரும்பாலும் தேனீ வேடமிட்ட ஈதான். அது கொட்டாது.

உண்மையான தேனீக்களில், சுவர்ப் பொந்தில் பிசின் குழாய் வைத்து வாழும் சின்னக் கறுப்பு கொசுத்தேனீ. செடிக்கிளையில் ஒற்றை அடையாகத் தொங்கவிடுவது கொம்புத்தேனீ. இருட்டுப் பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டுவது அடுக்குத்தேனீ. உயரமான மரத்திலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் பெரிய அடை கட்டுவது மலைத்தேனீ. இந்தக் கடைசி ஆளின் கூட்டை மட்டும் ஜூம் லென்ஸில் எடுங்கள்.

இந்த எறும்புக்கு எட்டுக் கால் இருக்கிறதே?

வாழ்த்துகள். நீங்கள் எடுத்தது எறும்பு அல்ல, முசுறு எறும்பு போல வேடமிட்ட தாவும் சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டிக்கொண்டே நடக்கும். இலையைச் சட்டென்று அசைத்தால் நூல் விட்டுக் கீழே இறங்கும். எறும்புக்கு நூல் ஏது?

கால் எண்ணும் பழக்கம் வந்துவிட்டால் இன்னும் சிலவும் பட்டியலிலிருந்து கழன்றுவிடும். முதல் மழைக்குப் பிறகு செம்பட்டுத் துணி போல மண்ணில் ஊரும் பட்டுப்பூச்சி, பெயரில்தான் பூச்சி. வளர்ந்ததற்கு எட்டுக் கால், உண்ணி வகையறா. சங்கப் பாடல்களில் வரும் மூதாய் இதுதான். மரவட்டையும் பூரானும் பூச்சி இல்லை என்பது சொல்லாமலே தெரியும்.

குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போல ஆக்கிவிடும் என்பார்களே, உண்மையா?

கதை பொய். ஆனால் அதைச் சொன்னவர்கள் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். மண்கூட்டுக்குள் புழு போவதையும், கொஞ்ச நாள் கழித்து அதே கூட்டிலிருந்து குளவி வருவதையும் பார்த்தால் வேறு என்ன முடிவுக்கு வர முடியும்?

நடப்பது இது. பெண்குளவி ஈரமண்ணை உருட்டிக் கொண்டுவந்து கூடு கட்டும். கறுப்பு உடம்பும் நூல் போன்ற இடுப்பும் மஞ்சள் கால்களுமாகச் சாமி அறை ஜன்னலில் கட்டுமே, அது சிலந்திகளைப் பிடிக்கும். குட்டிப் பானை போலக் கழுத்து வைத்துக் கட்டும் இன்னொரு வகை பச்சைப் புழுக்களைப் பிடிக்கும். கொட்டுவது கொல்ல அல்ல, செயலிழக்க வைக்க. செத்தால் அழுகிவிடும், செயலிழந்தால் கெடாமல் இருக்கும். கூட்டுக்குள் அதை அடைத்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். முட்டையிலிருந்து வரும் குளவிப்புழு அந்த உணவைத் தின்று வளர்ந்து குளவியாகி, மண்ணைத் துளைத்து வெளியே வருகிறது.

இதைவிடப் படமெடுக்க அருமையான நாடகம் கொல்லையில் கிடையாது. கட்டும் குளவி ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் என்பதால் ஃபோகஸை முன்கூட்டியே வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். எங்கள் கிணற்றடியில் ஈரமண் எடுக்க வரும் குளவிக்காக ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம் என்று வீட்டில் இன்னும் சொல்கிறார்கள். குளவி படமாக வந்தது.

ஆப் சொல்லும் பெயரை நம்பலாமா?

ஆரம்பப் புள்ளியாக நம்பலாம், தீர்ப்பாக அல்ல. நான் அதிகம் பயன்படுத்துவது ஐநேச்சுரலிஸ்ட், உயிரினப் படங்களைப் பதிவேற்றிப் பெயர் கேட்கும் தளம். 2008-இல் கலிபோர்னியாவில் முதுநிலை மாணவர்களின் திட்டமாகத் தொடங்கியது. அங்கே கணினி ஒரு பெயரைப் பரிந்துரைக்கும், பிறகு மனிதர்கள் வந்து ஒப்புவார்கள் அல்லது மறுப்பார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் ஆய்வுத் தரம் கிடைக்கும். இந்திய வண்ணத்துப்பூச்சிகளுக்கு 'பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா' தளம் இன்னும் நம்பகமானது. அந்துப்பூச்சிக்கும் தட்டானுக்கும் அதே குழாமின் தனித் தளங்கள் உண்டு.

கணினி தரும் முதல் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள். அது நம் ஊர்ப் பூச்சிக்கு அமெரிக்கப் பூச்சியின் பெயரைச் சூட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பரிந்துரைத்த இனம் இந்தியாவில் இருக்கிறதா என்று வரைபடத்தைப் பாருங்கள், அது தின்னும் செடி உங்கள் கொல்லையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் அழுத்தலாம்.

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தோன்றுவதில்லை. கொல்லையில் எடுத்த படத்தின் இடம் என்பது உங்கள் வீட்டு விலாசம். பதிவேற்றும்போது இடத்தை மங்கலாக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்று மாதமாகியும் என் வண்டுக்குப் பெயர் கிடைக்கவில்லை.

கிடைக்காமலே போகலாம். பல சின்ன ஈக்களையும் வண்டுகளையும் உருப்பெருக்கியில் உள்ளுறுப்பைப் பார்க்காமல் இன்னதென்று சொல்ல எந்த நிபுணராலும் முடியாது. குடும்பம்வரை தெரிந்தால் அதோடு விடுங்கள். தப்பான முழுப்பெயரைவிடச் சரியான பாதிப்பெயர் நல்லது.

எதைத் தொடக்கூடாது?

முருங்கை மரத்தடியில் கம்பளிபோலக் கூட்டமாக அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சிகளை. அந்த மயிர் பட்டால் அரிப்பு லேசில் விடாது. செம்பருத்தியைத் தின்னும், கறுப்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட வண்டுகளை. அவற்றிலிருந்து கசியும் திரவம் கொப்புளம் போடும். மழைக்காலத்தில் விளக்கடிக்கு வரும் ஒரு சின்னப் பூச்சி, கறுப்பும் ஆரஞ்சும் மாறிமாறி, எறும்பு போல ஊரும். அதுவும் வண்டுதான். அது கடிக்காது, ஆனால் கழுத்தில் ஊரும்போது தேய்த்து நசுக்கிவிட்டால் மறுநாள் தோல் வெந்தது போலாகும். ஊதித் தள்ளிவிடுங்கள்.

இரவில் எடுக்க முடியுமா?

வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டு முன்னால் ஒரு விளக்கு. அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, புழுக்கமான இரவுகளில் விட்டில்கள் குவியும். பத்து மணிக்கு மேல் வருபவை வேறு. விளக்கை விடியும் வரை விடாதீர்கள், களைத்துப்போனவற்றைப் பல்லியும் காலையில் கரிச்சானும் தின்று தீர்த்துவிடும்.

அசையாமல் இருக்க ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கலாம் என்கிறார்களே?

செய்யாதீர்கள். அப்படி எடுத்த படம் பார்த்தாலே தெரியும், கால்கள் நிற்கும் விதமே தப்பாக இருக்கும். புழுவை வளர்த்துப் பார்ப்பது வேறு. எலுமிச்சைப் புழுவை வலை கட்டிய டப்பாவில் வைத்துத் தினமும் புது இலை கொடுத்தால் முட்டையிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் சிறகு விரிக்கும். எனக்கு ஒருமுறை கூட்டுப்புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் கடுகளவு குளவிகள் டஜன் கணக்கில் வந்தன. வெளியில் இருந்தபோதே யாரோ முட்டையிட்டுவிட்டார்கள். அன்றைக்கு வருத்தமாக இருந்தது. இப்போது அந்தப் படங்கள்தான் என்னிடம் இருப்பதிலேயே அரிதானவை. செத்ததைச் சேகரிக்கும் ஆசை இருந்தால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சில வண்ணத்துப்பூச்சிகளும் இருப்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு கொல்லையில் அதிகபட்சம் எத்தனை வகை இருக்கும்? எனக்கு அறுபதோடு நின்றுவிட்டது.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளர் 1972 முதல் 30 ஆண்டுகள் தன் வீட்டுத் தோட்டத்தில் கண்டதையெல்லாம் குறித்தார். மொத்தம் 2,673 வகை உயிர்கள், அதில் பூச்சிகள் மட்டும் 1,997. அது குளிர்நாடு. நம் ஊர்க் கொல்லையில் அறுபதில் நிற்பது பூச்சி அல்ல, நாம்தான். பூவை மட்டும் பார்க்காமல் இலையின் அடிப்புறத்தைத் திருப்புங்கள். மெல்லிய காம்பின் நுனியில் வெள்ளை மணி வைத்தாற்போல வரிசையாக நிற்பது பூஞ்சை அல்ல, கண்ணாடிச் சிறகன் பூச்சியின் முட்டை. தாழ்வாரத்துப் பொடிமண்ணில் இருக்கும் புனல் குழிகளைப் பாருங்கள். அதற்குள் இருக்கும் குழியானையைப் பார்க்காத பிள்ளை கிடையாது, அது வளர்ந்தால் ஊசித்தட்டான் போலச் சிறகு முளைத்து இரவில் விளக்குக்கு வரும் என்பது பெரியவர்களுக்கே தெரியாது.

எல்லாம் சரி, கறிவேப்பிலையைப் புழு மொட்டையடிக்கிறது. அம்மா மருந்தடிக்கச் சொல்கிறார்.

மருந்துக்கு எது புழு, எது பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டு என்று தெரியாது. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையடித்தபோது மருந்துக்கு அது கட்டுப்படவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை விட்ட பிறகுதான் அடங்கியது. மாவுப்பூச்சி அப்பிய கிளையை வெட்டி எறிவதற்கு முன்னால் ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதற்குள்ளேயே அதைத் தின்னும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கலாம். அதன் கூட்டுப்புழு அச்சு அசல் குரங்கு முகம் மாதிரி இருக்கும், ஒரு படமாவது எடுத்துவிடுங்கள்.

கறிவேப்பிலைக்கு எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. கிணற்றுப் பக்கக் கிளைகள் புழுவுக்கு, சமையலறைப் பக்கக் கிளைகள் ரசத்துக்கு. சமையலறைப் பக்கம் தென்படும் புழுவை இலையோடு கிள்ளி அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிடுவேன். போன வாரம் வைத்தது நேற்று காணவில்லை, அம்மா கையில் காம்பு மட்டும் இருந்த ஒரு கொத்தைக் காட்டினார்.